பிள்ளையை எந்த விளையாட்டில் சேர்ப்பது? மகாதேவன் சதாசிவத்தின் வாழ்க்கையில் இருந்து சில பக்கங்கள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு அம்மா போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகனுக்கு ஒன்பது வயது. பாடசாலையில் கிரிக்கெட் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. பின்னேரம் மூன்று மணிக்கு மைதானத்துக்கு அனுப்புவதா, ரியூசனுக்கு அனுப்புவதா? துடுப்பு, காலுறை, தலைக்கவசம் எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகு, எங்களுடைய பிள்ளைகளை உண்மையில் அணியில் எடுப்பார்களா?

அதே வாரம் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவரின் மகளைப் பொக்ஸ் லக்ரோஸ் என்ற விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். கோடை காலத்தில் ஐஸ் ஹொக்கி அரங்கின் பனியை எடுத்துவிட்டு, வெறும் சீமெந்துத் தரையில், நான்கு பக்கமும் அடைத்த சுவருக்குள் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும். தடியின் நுனியில் உள்ள சிறு வலையில் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். லக்ரோஸ் அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களுடைய விளையாட்டு. அதை 1930களில் ஹொக்கி அரங்குக்குள் கொண்டுவந்ததில் பிறந்ததுதான் இந்தப் பொக்ஸ் வடிவம். மச்சாளுக்கும் அதே கேள்விகள்தான். எத்தனை வயதில் சேர்ப்பது, செலவு எவ்வளவு, அடிபட்டால் என்ன செய்வது, படிப்புக் கெடுமா, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இவளைத் தனியாக விட்டுவிடுவார்களா.

இரண்டு பேருக்கும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளையும் கேட்டபோது ஒரு மனிதரின் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. மகாதேவன் சதாசிவம். எங்கள் தாத்தாமார் சதா என்று செல்லமாகச் சொன்ன பெயர். இலங்கை மண்ணில் பிறந்த துடுப்பாட்டக்காரர்களில் அவரைப் போல ஒருவர் இல்லை என்று பழையவர்கள் பலர் அடித்துச் சொன்ன மனிதர். அவருடைய வாழ்க்கையை, ஒரு பிள்ளையை விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோரின் கண்ணால் பார்த்தால் அதில் எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாம் இனிப்பான செய்தி அல்ல.

வெஸ்லிப் பெடியன்

சதாசிவம் பிறந்தது 1915 ஒக்ரோபர் 18. முதலாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில்தான் இலங்கையில் சிங்கள முஸ்லிம் கலவரம் வெடித்து, பிரித்தானியர் இராணுவச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சூடு ஆறாத நாட்டில், ஆங்கிலம் பேசிய கொழும்புத் தமிழ்ச் சமூகத்துக்குள் அவர் வளர்ந்தார்.

அவருடைய ஆட்டம் வெளியே தெரிய வந்தது பொரளை வெஸ்லி கல்லூரியில். மெதடிஸ்ட் மிஷன் நடத்திய கல்லூரி அது. பக்கத்திலேயே கெம்பல் பார்க் மைதானம். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை கிரிக்கெட்டில் கால் வைப்பதற்கு இருந்த வழி மிகவும் ஒடுக்கமானது. கொழும்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கல்லூரிகள். அவற்றுக்கு மட்டும்தான் புல் மைதானமும், தோல் பந்தும், வெள்ளை உடுப்பும், பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியரும் இருந்தார்கள். கல்லூரிப் போட்டிகளில் ஓட்டம் குவித்தால் பத்திரிகையில் பெயர் வரும். பெயர் வந்தால் ஒரு கழகம் கூப்பிடும். கழகத்தில் ஆடினால் நாட்டு அணிக்கான தெரிவில் உங்களைப் பார்ப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் முன்னோர் எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது என்று ஒரு பொய்யான பொற்காலத்தை நினைத்துவிடக் கூடாது. அதே வருடங்களில் கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டியில், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ்த் தகப்பனின் பிள்ளைக்கு அந்த மைதானத்தின் வேலிக்கு வெளியேதான் இடம். சதாசிவத்துக்குத் திறமை இருந்தது. அந்தத் திறமையைக் கொண்டுபோய் வைக்க ஒரு பாடசாலையும் இருந்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெளியே தெரிந்திருக்காது.

சதுப்பில் எழும்பிய மைதானம்

கல்லூரிக்குப் பிறகு அவர் ஆடியது தமிழ் யூனியன் கழகத்துக்கு. கொழும்பின் கிரிக்கெட் அப்போது இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. 1863இல் தொடங்கிய கொழும்பு கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கு. சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி. பறங்கியருக்கு, முஸ்லிம்களுக்கு, மலேயருக்கு எனத் தனித்தனிக் கழகங்கள். தமிழ் யூனியன் தொடங்கியது 1899இல். எஸ்.எஸ்.சி.யும் அதே வருடத்தில்தான் தொடங்கியது.

தமிழ் யூனியனுக்கு ஒரு தரமான மைதானம் வேண்டும் என்று நின்று உழைத்தவர் பாக்கியசோதி சரவணமுத்து என்ற சிவில் சேவை அதிகாரி. பொரளைக்குப் பக்கத்தில், வனாத்தமுல்லையில் கிடந்த சதுப்பு நிலத்தை நிரப்பித்தான் கொழும்பு ஓவல் மைதானம் உருவானது. இன்று அதற்கு அவருடைய பெயர்தான். பி.சரா மைதானம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அவருடைய அண்ணன் தம்பிமாரில் ஒருவரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரத்தின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயர் ஆனார். இரத்தினசோதியின் மனைவி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்குத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபையில் இருந்தவர். சபைக்குத் தெரிவான பெண்களில் இரண்டாவது ஆள். அதனால் கொட்டாஞ்சேனைக்காரருக்கும் இந்தக் குடும்பம் அந்நியம் இல்லை.

ஒரு பிள்ளைக்குத் துடுப்பு வாங்கிக் கொடுப்பது வீட்டு வேலை. மைதானம் உண்டாக்குவது ஒரு சமூகத்தின் வேலை. சதாசிவம் மைதானத்துக்குள் நடந்து போவதற்கு, யாரோ ஒருவர் அதற்கு முன்பே சேற்றை நிரப்ப வேண்டியிருந்தது.

மட்டையைத் தொட்ட விதம்

அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இப்போது அனேகமாக இல்லை. படமும் இல்லை. சொல்லக் கேட்டதும் எழுதி வைத்ததும்தான் மிச்சம். அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே விடயத்தில் ஒத்துப் போகின்றன. பலத்தால் அடிக்கிற ஆட்டம் அல்ல அது. பந்து உடலைக் கடந்து போன பிறகு, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி மெல்லத் தட்டிவிடுகிற லேட் கட் அடிதான் அவருடைய கையெழுத்து. களத்தடுப்பாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அவருக்குச் சற்றுத் தள்ளிப் பந்தை அனுப்புவார். களத்தடுப்பாளரை அங்கே மாற்றினால், முதல் நின்ற இடத்துக்கே மறுபடி அனுப்புவாராம்.

1945இல் விஜய் மேர்ச்சன்ட் தலைமையில் இந்திய அணி கொழும்புக்கு வந்தபோது அவர் 111 ஓட்டங்கள் எடுத்தார். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215. அந்த ஒரு ஆட்டத்தோடு தமிழ்நாட்டிலும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1950இல் கொழும்பில் கொமன்வெல்த் அணிக்கு எதிராக 96. அந்த அணியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல், உலக அணி ஒன்றைத் தெரிவு செய்தால் சதாசிவத்தின் பெயரைத்தான் முதலில் எழுதுவேன் என்று சொன்னதாக இன்றும் கிரிக்கெட் வட்டாரங்களில் சொல்லப்படுகிறது.

ஆனால் எங்கள் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது 1948 மார்ச் 27. இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி ஒரு நாள் கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் ஆடியது. அந்த வருடம் தோல்வியே காணாமல் ஊர் திரும்பிய அணி அது. அதற்கு எதிராக இலங்கை அணியைத் தலைமை தாங்கி நாணயச் சுழற்சிக்கு நடந்து போனவர் சதாசிவம். மழையால் ஆட்டம் முடிவில்லாமல் போனது. ஆடுகளத்தின் நீளம் இரண்டு யார் குறைவாக இருந்தது என்று பிறகு கண்டுபிடித்ததும் ஒரு கதை.

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அணித்தலைவர் ஒரு தமிழர். ஆட்டம் நடந்தது தமிழ்க் கழகத்தின் மைதானத்தில். அதே வருடம் உருவான இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர் சரவணமுத்து. இதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிரும். கொஞ்சம் பொறுங்கள். அதே 1948இல்தான் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தின் இலட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். ஒருவர் நாட்டுக்குத் தலைவராக மைதானத்துக்குள் இறங்கியதும், பல இலட்சம் பேருக்கு நாடே இல்லாமல் போனதும் ஒரே வருடத்துக் கதை. மைதானத்தில் கிடைக்கும் மரியாதை மக்களுக்குக் கிடைக்கும் உரிமை ஆகிவிடாது என்பதை எங்கள் சமூகம் அப்போதே பார்த்துவிட்டது.

1951 ஒக்ரோபர் 9

இனி வருவதைச் சொல்லாமல் சதாசிவத்தின் கதையைச் சொல்ல முடியாது.

மைதானத்தில் இருந்த ஒழுங்கு மைதானத்துக்கு வெளியே அவரிடம் இருக்கவில்லை. விருந்து, நடனம், குடி என்று இரவுகள் நீண்டன. விடியும்வரை நடனமாடிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்து சதம் அடித்தார் என்று பெருமையாகச் சொல்லும் கதைகள் பல. அந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்தவர்கள், வீட்டில் நான்கு பெண் பிள்ளைகளோடு காத்திருந்த மனைவியைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. திருமணம் உடைந்துகொண்டிருந்தது. அவர் மனைவி பரிபூரணம் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தார்.

1951 ஒக்ரோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென். அல்பன்ஸ் பிளேசில் இருந்த வீட்டின் கராஜில் பரிபூரணம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சதாசிவம் கைது செய்யப்பட்டார். ஒன்பது நாள் கழித்து வந்த அவருடைய 36ஆவது பிறந்த நாள் சிறையில் கழிந்தது.

வழக்கு 1953 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் தொடங்கி 57 நாட்கள் நடந்தது. நீதியரசர் கிரேஷன். எதிரித் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா. அரச தரப்பின் முக்கிய சாட்சி வீட்டில் வேலை செய்த இளைஞர். அன்று காலை டக்சியில் வீட்டை விட்டுப் புறப்பட்ட சதாசிவம், அதற்கு முன்பா பின்பா மனைவி இறந்தார் என்பதைச் சுற்றியே வழக்கு நின்றது. இறந்த நேரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல எடின்பரோவில் இருந்து புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் சேர் சிட்னி ஸ்மித் கொழும்புக்கு வரவழைக்கப்பட்டார். நாடு முழுவதும் பத்திரிகைகள் இதையே எழுதின. 1953 ஜூன் 25 அன்று ஜூரிகள் ஏகமனதாக அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். ஏறக்குறைய இருபது மாத விளக்கமறியலுக்குப் பிறகு அவர் வெளியே வந்தார்.

சட்டம் அவரை விடுவித்தது. அதற்கு மேலே நாங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண் தன் வீட்டிலேயே கொலையானதையும், நான்கு பிள்ளைகள் ஒரே நாளில் தாயை இழந்து, தகப்பனையும் சிறைக்கு விட்டுக் கொடுத்ததையும் மறந்துவிட்டு அவருடைய லேட் கட்டை மட்டும் புகழ்வது சரியாக இருக்காது. இந்த வழக்கைப் பற்றி வந்த எழுத்துகளில் பரிபூரணம் பெரும்பாலும் ஒரு பிரேதமாக மட்டுமே வருகிறார். அவரும் ஒரு தாய். பிள்ளைகளின் பாடசாலை, சாப்பாடு, காய்ச்சல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

கடல் கடந்து

அதன் பின் சதாசிவம் நாட்டை விட்டுப் போனார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்தார். மறுமணம் செய்தார். அங்கேயும் துடுப்பை எடுத்தார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தும் சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைவர் ஆனார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கிய மனிதர் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். அதைச் சாதனை என்றும் சொல்லலாம். ஊரில் தலை காட்ட முடியாத ஒரு மனிதன் போன இடமெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான் என்றும் சொல்லலாம்.

பிற்காலத்தில் கொழும்புக்குத் திரும்பினார். 1977 ஜூலை 9 அன்று, 61ஆவது வயதில் இறந்தார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது அவர் பிரட்மனுக்கு எதிராக இறங்கிய அதே ஓவல் மைதானத்தில். அதைப் பார்க்க அவர் இல்லை. அவர் இறந்த அடுத்த மாதம் நடந்த 1977 கலவரத்தையும் அவர் பார்க்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 1983 ஜூலையில், வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் எரிந்ததையும் பார்க்கவில்லை.

மைதானத்துக்குப் போகாத தலைமுறை

நான் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் வளர்ந்தவன். போரின் கடைசி வருடங்களில் எனக்குப் பதின்ம வயது. எங்கள் கிரிக்கெட் இரண்டு மதிலுக்கு நடுவில், பிளாஸ்டிக் கதிரையை விக்கெட்டாக வைத்து, டென்னிஸ் பந்தில் நடந்தது. மதிலுக்கு மேலே போனால் அவுட். மச்சாளின் மகள் ஆடும் அந்த அடைத்த பெட்டியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஒழுங்கைதான் ஞாபகம் வந்தது.

மைதானத்துக்கு ஏன் போகவில்லை என்றால், அம்மா விடவில்லை. பொரளைக்குப் போக பஸ் எடுக்க வேண்டும். இடையில் சோதனைச் சாவடிகள். விளையாட்டுப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்துக் காட்ட வேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் கேள்விகள் இன்னும் நீளும். பொலிஸ் பதிவுத் துண்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கு முன் வீட்டுக்குள் வராவிட்டால் அம்மா காலி வீதிச் சந்தியில் வந்து நிற்பார். வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் இதுதான் நடந்தது. எங்களில் யார் நன்றாக ஆடியிருப்போம் என்பது எங்களுக்கே தெரியாது. எங்கள் தலைமுறையில் பலருக்கு விளையாட்டு என்பது தொடங்காமலே முடிந்துபோன விடயம்.

அந்தக் காலத்திலும் ஒரு முத்தையா முரளிதரன் வந்தார்தானே என்று கேட்பார்கள். வந்தார். தமிழ் யூனியனுக்கும் ஆடினார். ஆனால் அவருடைய தொடக்கத்தையும் பாருங்கள். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினாலு வயதுப் பெடியனைப் பார்த்து, சுழற்பந்துக்கு மாறு என்று சொல்ல சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் அங்கே இருந்தார். சதாசிவத்துக்கு வெஸ்லி, முரளிக்கு அந்தோனியார் கல்லூரி. இடம் இல்லாமல், பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல், திறமை தானாக முளைத்து வந்ததில்லை.

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு

இவ்வளவையும் யோசித்த பிறகு அந்த அம்மாவுக்கு நான் தொலைபேசி எடுத்தேன். சேருங்கள் என்றுதான் சொன்னேன். ஒன்பது வயது பிந்திய வயது இல்லை. முதல் நாளே விலை கூடிய துடுப்பு வாங்கத் தேவையில்லை. பிள்ளையின் இடுப்பு உயரத்தைத் தாண்டாத, ஒரு கையால் தூக்கக்கூடிய துடுப்பு ஒன்று போதும். அடுத்த வருடமே அது சின்னதாகிவிடும். தோல் பந்தில் ஆடத் தொடங்கும் அன்றைக்குத் தலைக்கவசத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கிழமைக்கு இரண்டு நாள் மைதானம், மற்ற நாள் படிப்பு என்று பாடசாலையோடு பேசிப் பாருங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் போய் ஓரமாக இருந்து, பயிற்றுநர் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார், ஆடத் தெரியாத பிள்ளைக்கும் பந்து கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் குடிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எங்களுடைய பிள்ளைகளை எடுப்பார்களா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதிமொழி இல்லை. 1948இல் எடுத்தார்கள். அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் நாட்டு அணிக்காகத்தான் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இல்லை. நன்றாக ஓடி, விழுந்து, தோற்று, வியர்த்து வீட்டுக்கு வந்து பசிக்குது என்று கேட்பதற்காகவும் அனுப்பலாம்.

இன்னொன்றும் சொன்னேன். பிள்ளை சதம் அடித்தாலும் வீட்டில் தன் கோப்பையைத் தானே கழுவட்டும். தங்கச்சியோடு மரியாதையாகப் பேசட்டும். ஆடத் தெரிந்தவன் என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடாதீர்கள். சதாசிவத்தைச் சுற்றி நின்று கைதட்டியவர்கள் ஆயிரம் பேர். போதும், வீட்டுக்குப் போ என்று உரிமையோடு சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த வாழ்க்கை வேறு வழியில் போயிருக்குமோ என்று இன்றும் தோன்றும்.

வனாத்தமுல்லையில் அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருந்து ஓட்டோவில் போகக்கூடிய தூரம். முதல் பயிற்சிக்கு முன் மகனை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போவதாக அந்த அம்மா சொன்னார். அந்தப் பெயர்ப் பலகையில் இருக்கும் சரவணமுத்து யார் என்று மகன் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டார். இதை எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.